அது பக் இல்லீங்க... ஃபீச்சர்!

போன வாரம் ஆபீஸ் கேன்டீன்ல சாம்பார் சாதத்தோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தேன். பக்கத்துல எங்க டீம் சீனியர் அண்ணா ஒருத்தர். பேச்சு கிரிக்கெட், அப்ரைசல், வீட்டுக் கடன் வட்டின்னு எங்கெங்கேயோ சுத்திட்டு கடைசியில போர்ல வந்து நின்னுச்சு. "ஈராக்ல நடந்தது பாவம்பா. அமெரிக்காக்காரனுக்கே யாரோ தப்பான தகவலைக் குடுத்துட்டாங்க. இன்டெலிஜென்ஸ் ஃபெயிலியர். அவ்ளோ பெரிய சிஸ்டத்துல ஒரு பக் வர்றது சகஜம்தானே"ன்னார்.

எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. "இல்லீங்கண்ணா, அது பக் இல்லீங்க, ஃபீச்சர்"னேன். அப்புறம் தட்டுல கை காயற வரைக்கும் வாக்குவாதம். அவர் ஒத்துக்கலை. எனக்கும் அங்க வெச்சு கோர்வையா சொல்ல வரலை. வீட்டுக்கு வந்தும் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு. அதான் எழுதிடலாம்னு உட்கார்ந்துட்டேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும். காபி போட்டு வெச்சுக்கோங்க.

(சாஃப்ட்வேர் பக்கம் தலைவெச்சுப் படுக்காத புண்ணியவான்களுக்கு: பக்னா யாரும் வேணும்னு செய்யாத பிழை. ஃபீச்சர்னா அப்படித்தான் இருக்கணும்னு திட்டம் போட்டுக் கட்டினது. கஸ்டமர் கத்தும்போது பக்கை ஃபீச்சர்னு சொல்லிச் சமாளிக்கறது எங்க குலத்தொழில். ஈராக் விஷயத்துல அப்படியே உல்டா. ஃபீச்சரை பக்னு சொல்லிச் சமாளிச்சுட்டாங்க.)

2003 மார்ச்ல நான் ஒன்னாங்கிளாஸ். டீவியில பச்சை கலர்ல ஒரு ராத்திரி, அதுல கோடு கோடா வெளிச்சம் போறது மட்டும் ஞாபகம் இருக்கு. தீபாவளி ராக்கெட்னு நெனச்சு கை தட்டினேனாம். அம்மா இப்பவும் சொல்லுவாங்க. அது பாக்தாத்னு புரியறதுக்கே பத்து வருஷம் ஆச்சு. அந்த வெளிச்சத்துக்குக் கீழ என்ன நடந்துச்சுன்னு படிக்க ஆரம்பிச்சது காலேஜ் போனப்புறம்தான்.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

எங்க வேலையில ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் புட்டுக்கிச்சுன்னா, அடுத்த நாளே 'ரூட் காஸ்' டாகுமென்ட் எழுதணும். அதுல "தெரியாம நடந்துபோச்சு"ன்னு எழுதிட்டுத் தப்பிக்க முடியாது. முதல் கேள்வியே இப்படித்தான் வரும்: "அலர்ட் வரவே இல்லையா? இல்ல, வந்த அலர்ட்டை யாராவது ஆஃப் பண்ணி வெச்சீங்களா?" ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அலர்ட்டே வரலைன்னா அது பிழை. வந்த அலர்ட்டை ஆஃப் பண்ணிட்டு வேலையைப் பார்த்தா, அது யாரோ ஒருத்தர் எடுத்த முடிவு.

ஈராக்கையும் இதே கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். அலர்ட் வந்துச்சா, வரலையா?

வந்த அலர்ட்டுகள்

முதல் அலர்ட், அலுமினியக் குழாய். ஈராக் வெளிநாட்டுல வாங்கின குழாய்களை 2001ல மடக்கிப் பிடிச்சாங்க. யுரேனியம் செறிவூட்டற சென்ட்ரிஃபியூஜுக்குத்தான் இதுன்னு சி.ஐ.ஏ. சொன்னுச்சு. ஆனா அமெரிக்காவுலயே சென்ட்ரிஃபியூஜ் பத்தி நல்லாத் தெரிஞ்சவங்க எரிசக்தித் துறைல இருக்கற விஞ்ஞானிகள்தான். அவங்க "இது அதுக்குச் சரிப்படாது, சாதாரண பீரங்கி ராக்கெட்டுக்குப் பொருந்தற அளவு"ன்னு சொன்னாங்க. வெளியுறவுத் துறையோட உளவுப் பிரிவும் அதையேதான் சொன்னுச்சு. 2002 அக்டோபர்ல தயாரான உளவு மதிப்பீட்டு அறிக்கையிலேயே இந்த மறுப்பு பதிவாகியிருக்கு. ஆனா மேடையில பேசும்போது மறுப்பு காணாமப் போச்சு, குழாய் மட்டும் மிச்சம்.

ரெண்டாவது, நைஜர் யுரேனியம். ஆப்பிரிக்காவுல நைஜர்ங்கற நாட்டுகிட்ட ஈராக் யுரேனியம் வாங்கப் பார்த்துச்சாம். விசாரிக்க 2002 பிப்ரவரியில ஜோசப் வில்சன்ங்கற முன்னாள் தூதரை அனுப்பினாங்க. அப்படி நடந்திருக்க வாய்ப்பில்லைன்னு அவர் வந்து சொன்னார். அப்படியும் 2003 ஜனவரி 28 அன்னிக்கு நாடாளுமன்றத்துல அதிபர் புஷ் ஆப்பிரிக்க யுரேனியம் பத்திப் பேசினார், பிரிட்டன் மேல பழியைப் போட்டு. மார்ச் 7ஆம் தேதி சர்வதேச அணுசக்தி முகமைத் தலைவர் முகமது எல்பராதே ஐ.நா. பாதுகாப்பு சபையிலேயே நின்னு, இந்த விஷயத்துல குடுத்த ஆவணங்கள் அசல் இல்லைன்னு சொன்னார். போர் தொடங்க இன்னும் 13 நாள் இருந்துச்சு!

மூணாவது, 'கர்வ்பால்'. ஜெர்மனியில தஞ்சம் கேட்டு வந்த ஒரு ஈராக்கிய இன்ஜினியருக்கு உளவுத்துறை வெச்ச பேரு. லாரியில வெச்சு ஓட்டிக்கிட்டே கிருமி ஆயுதம் தயாரிக்கறாங்கன்னு கதை விட்டவர் இவர்தான். ஆள் நம்பத் தகுந்தவர் இல்லைன்னு ஜெர்மன்காரங்களே எச்சரிச்சாங்க. 2003 பிப்ரவரி 5 அன்னிக்கு ஐ.நா.வுல வெளியுறவு அமைச்சர் காலின் பவல் அந்த லாரிகளைப் படம் வரைஞ்சே காட்டினார். 2011ல அந்த ஆளே ஒத்துக்கிட்டார், சொன்னது பொய்னு. சதாம் ஆட்சி போகணும்னு சொன்னாராம்.

நாலாவதுதான் பெரிய அலர்ட். 2002 நவம்பர் கடைசியிலேர்ந்து ஹான்ஸ் பிளிக்ஸ் தலைமையில ஐ.நா. ஆய்வாளர்கள் ஈராக்குக்குள்ளேயே இருந்தாங்க. சுமார் 700 சோதனை. அளவு மீறின சில ஏவுகணைகள் கெடைச்சுது, அதையும் உடைக்க ஆரம்பிச்சாச்சு. ஆனா ஆயுதக் குவியல்னு ஒன்னும் கெடைக்கலை. வேலையை முடிக்க இன்னும் சில மாசம் வேணும்னு பிளிக்ஸ் கேட்டார். குடுக்கலை. ஆய்வாளர்கள் மூட்டை கட்டிக் கிளம்பினாங்க, மார்ச் 20 விடியக்காலை குண்டு விழுந்துச்சு.

கொஞ்சம் யோசிங்க. உங்களுக்கு உண்மையிலேயே ஆயுதத்தைக் கண்டுபிடிக்கறதுதான் குறின்னா, தேடிக்கிட்டு இருக்கறவனை ஏன் பாதியில வெளிய அனுப்பணும்? சில மாசம் பொறுத்தா என்ன கெட்டுப்போயிருக்கும்? ஒன்னே ஒன்னுதான். தேடி முடிச்சுட்டு "ஒன்னுமில்லை"ன்னு சொல்லியிருப்பாங்க!

அந்த "ஒன்னுமில்லை"யைப் பின்னாடி அமெரிக்காவே அனுப்பின குழு 2004ல எழுதிக் குடுத்துச்சு. ரசாயன ஆயுதக் கையிருப்பு 1991லயே அழிக்கப்பட்டாச்சுன்னு.

விடையை எழுதிட்டுக் கணக்கைப் போடறது

காலேஜ் லேப்ல நாங்க பண்ணாத ஃபிராடுத்தனம் இல்லை. வரவேண்டிய ரீடிங் என்னன்னு சீனியர் ரெக்கார்டுல பார்த்துட்டு, அதுக்கேத்த மாதிரி நம்பரைப் பின்னாடியிலேர்ந்து எழுதுவோம். ஈராக்ல நடந்தது அதேதான்.

இது என் கற்பனை இல்லை. 2002 ஜூலை 23, லண்டன்ல பிரதமர் டோனி பிளேர் நடத்தின கூட்டத்தோட குறிப்பு 2005ல வெளிய வந்துச்சு. வாஷிங்டன் போயிட்டு வந்த பிரிட்டிஷ் உளவுத்துறைத் தலைவர் அதுல சொன்னதோட சாரம் இதான்: போர்னு முடிவாகிட்ட மாதிரிதான் அங்க பேசறாங்க, அந்தக் கொள்கைக்கு ஏத்த மாதிரி தகவல்களைப் பொருத்திக்கிட்டு இருக்காங்க. போருக்கு எட்டு மாசம் முன்னாடி! அஞ்சு நாள் கழிச்சு, ஜூலை 28 அன்னிக்கு, என்ன ஆனாலும் உங்க கூட இருப்பேன்னு பிளேர் புஷ்ஷுக்கு எழுதி அனுப்பிட்டார்.

அதுக்கும் முன்னாடி போங்க. 1998 ஜனவரியில அதிபர் கிளின்டனுக்கு ஒரு கடிதம் போச்சு, சதாமை ஆட்சியிலேர்ந்து தூக்கணும்னு. கையெழுத்துப் போட்டவங்கள்ல டொனால்ட் ரம்ஸ்ஃபீல்டும் பால் வுல்ஃபோவிட்ஸும் உண்டு. 2003ல ஒருத்தர் பாதுகாப்பு அமைச்சர், இன்னொருத்தர் அவருக்கு அடுத்த இடம். ஆசை பழசு. 2001 செப்டம்பர் 11 அதுக்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டுச்சு. அந்த விமானங்களைக் கடத்தின 19 பேர்ல 15 பேர் சவுதி. ஈராக்காரன் ஒருத்தன்கூட இல்லை.

இங்க ரெண்டு எதிர்வாதம் வரும். ரெண்டுக்கும் பதில் சொல்லிடறேன்.

"எல்லாம் எண்ணெய்க்காகத்தான் பாஸ்." டீக்கடைல இதைச் சொன்னா எல்லாரும் தலையாட்டுவாங்க. எண்ணெய் இல்லாத நாடா இருந்திருந்தா இவ்ளோ அக்கறை வந்திருக்காதுங்கறது உண்மைதான். ஆனா 2009ல ஈராக் எண்ணெய் வயல்களை ஏலம் விட்டப்ப பெரிய பெரிய வயல்கள் எல்லாம் பிரிட்டன், சீனா, ரஷ்யா, நெதர்லாந்துன்னு பல கம்பெனிகளுக்கும் போச்சு. எண்ணெயை அள்ளிட்டுப் போகத்தான் வந்தாங்கன்னா, இவ்ளோ மோசமா அள்ளின கொள்ளைக்காரனை நான் பார்த்ததில்லை. எண்ணெய் ஒரு காரணம். பழைய ஆசை ஒரு காரணம். நாங்க சொன்னா உலகம் கேட்கணுங்கற திமிர் ஒரு காரணம். இது எல்லாத்தையும் சாத்தியமாக்கின காரணம் ஒன்னு இருக்கு: தப்பாப் போனா விலை குடுக்கப் போறது வேற யாரோ. அதைப் பின்னாடி சொல்றேன்.

"சதாம் மட்டும் என்ன யோக்கியனா?" சத்தியமா இல்லை. 1988 மார்ச்ல ஹலப்ஜா ஊர்ல குர்து மக்கள் மேல விஷவாயுக் குண்டு போட்டு கிட்டத்தட்ட 5,000 பேரைக் கொன்ன ஆள். ஆனா அப்போ அமெரிக்கா யார் பக்கம் இருந்துச்சு? ஈரானோட நடந்த போர்ல சதாம் பக்கம். 1983 டிசம்பர்ல பாக்தாத் போய் சதாமுக்குக் கை குடுத்துட்டு வந்த தூதர் யார் தெரியுமா? அதே ரம்ஸ்ஃபீல்டு. அந்த வீடியோ இன்னிக்கும் கெடைக்கும், பாருங்க. விஷவாயு நிஜமா இருந்தப்ப கோவம் வரலை. இல்லாத காலத்துல வந்துச்சு.

அலர்ட் குடுத்தவங்க கதி

பக்கா ஃபீச்சர் இதுன்னு நான் சொல்றதுக்கு முக்கியமான ஆதாரம் இதுதான். பிழைன்னா, அதைச் சொன்னவனைக் கூப்பிட்டுத் தட்டிக் குடுப்பாங்க. இங்க என்ன நடந்துச்சு பாருங்க.

போருக்கு 10,000 கோடியிலேர்ந்து 20,000 கோடி டாலர் வரைக்கும் ஆகும்னு சொன்ன புஷ்ஷோட பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சேவுக்கு 2002 டிசம்பர்ல வேலை போச்சு. 5,000, 6,000 கோடி போதும்னு வெள்ளை மாளிகைத் தரப்பு கணக்கு சொன்னுச்சு. கடைசியில? நோபல் வாங்கின ஜோசப் ஸ்டிக்லிட்ஸும் லிண்டா பில்ம்ஸும் 2008ல போட்ட கணக்கு 3 லட்சம் கோடி டாலர். லிண்ட்சே சொன்னதே கம்மி!

போருக்கு அப்புறம் ஈராக்கைக் கட்டுக்குள்ள வைக்கப் பல லட்சம் வீரர்கள் வேணும்னு சொன்னார் ராணுவத் தளபதி எரிக் ஷின்செகி. ரெண்டே நாள்ல வுல்ஃபோவிட்ஸ் அதைப் பகிரங்கமா மட்டம் தட்டினார்.

யுரேனியம் கதை பொய்னு 2003 ஜூலையில பேப்பர்ல எழுதினார் ஜோசப் வில்சன். ஒரு வாரம் கழிச்சு அவர் மனைவி சி.ஐ.ஏ.வுல ரகசியமா வேலை பார்க்கறவங்கங்கறது பத்திரிகைல வந்துச்சு. அவங்க வேலை அத்தோட முடிஞ்சுது.

பாதுகாப்பு சபை உறுப்பு நாடுகளை ஒட்டுக்கேட்கச் சொல்லி வந்த மெயிலை வெளிய குடுத்தாங்க பிரிட்டன் உளவு அமைப்புல மொழிபெயர்ப்பாளரா இருந்த கேத்தரின் கன். கைது, வழக்கு. 2004ல வழக்கை அரசே கைவிட்டுச்சு. பிளேர் அமைச்சரவையிலேர்ந்து ராபின் குக் போருக்கு மூணு நாள் முன்னாடி ராஜினாமா பண்ணினார்.

இப்போ அடுத்த பக்கத்தைப் பாருங்க. 2004 டிசம்பர் 14. அமெரிக்காவோட மிக உயர்ந்த சிவிலியன் விருது மூணு பேருக்கு. சி.ஐ.ஏ. தலைவரா இருந்த ஜார்ஜ் டெனெட், படையெடுப்பை நடத்தின ஜெனரல் டாமி ஃபிராங்ஸ், ஈராக்கை ஒரு வருஷம் நிர்வாகம் பண்ணின பால் பிரெமர். ஆயுதம் இல்லைன்னு அறிக்கை வந்து ரெண்டு மாசம்தான் ஆகியிருந்துச்சு! டோனி பிளேருக்கு 2022 புத்தாண்டுல 'சர்' பட்டம்.

சரியாச் சொன்னவனுக்கு வேலை போச்சு, தப்பாச் சொன்னவனுக்கு மெடல். இப்படி ஒரு கம்பெனி இருந்தா அதுல பக் இருக்குன்னு சொல்லுவீங்களா? கம்பெனியே அதுக்குத்தான் நடக்குதுன்னு சொல்லுவீங்களா?

பிரிட்டன் மட்டும் ஒரு நேர்மையான ரூட் காஸ் எழுதுச்சு, அதையும் சொல்லணும். சில்காட் அறிக்கை. 2009ல ஆரம்பிச்சு 2016 ஜூலையில வந்துச்சு. 26 லட்சம் வார்த்தை. அமைதியான வழிகள் தீர்றதுக்கு முன்னாடியே போருக்குப் போனாங்க, உளவுத் தகவலை இல்லாத உறுதியோட சொன்னாங்கன்னு தெளிவா எழுதியிருக்கு. ஆனா அதனால ஒருத்தர்கூட ஜெயிலுக்குப் போகலை. எங்க ஆபீஸ்ல ஆக்‌ஷன் ஐட்டம் இல்லாத டாகுமென்ட்டை ரிவியூவுக்கே எடுத்துக்க மாட்டாங்க.

விலை குடுத்தவங்க

ஈராக்ல செத்துப்போன பொதுமக்களைச் செய்திகளையும் ஆவணங்களையும் வெச்சு ஒவ்வொருத்தரா எண்ணின 'ஈராக் பாடி கவுண்ட்' கணக்குப்படியே 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல. எண்ணாம விட்டது எவ்ளோவோ. அமெரிக்க வீரர்கள் கிட்டத்தட்ட 4,500 பேர். முடிவெடுத்த மேஜையைச் சுத்தி உட்கார்ந்தவங்கள்ல ஒருத்தருக்குக்கூட கீறல் இல்லை.

2003 மே மாசம் பிரெமர் ரெண்டு ஆணை போட்டார். ஒன்னு, சதாமோட பாத் கட்சியில மேல்மட்டத்துல இருந்தவங்களுக்கு அரசு வேலை கிடையாது. ரெண்டு, ஈராக் ராணுவம் மொத்தமும் கலைப்பு. சுமார் 4 லட்சம் பேர் ஒரே கையெழுத்துல வீட்டுக்கு. துப்பாக்கி பிடிக்கத் தெரிஞ்சவன், சம்பளம் இல்லை, மானம் போச்சு, கைல ஆயுதம் இருக்கு... அடுத்து என்ன ஆகும்னு நம்ம ஊர் பெட்டிக்கடை அண்ணாச்சிகிட்ட கேட்டாக்கூட சொல்லியிருப்பார்.

அந்தப் பழைய அதிகாரிகள்ல சிலர்தான் பின்னாடி ஐ.எஸ். அமைப்புக்கு மூளை. அதோட திட்டத்தை வகுத்த ஹாஜி பக்கர் சதாம் ராணுவத்துல கர்னல். தலைவர் அபுபக்கர் அல் பாக்தாதி 2004ல புக்கா முகாம்ல அமெரிக்கா பிடிச்சு வெச்சிருந்து விடுவிச்ச கைதி. 2014 ஜூன் 10, மோசுல் நகரம் அவங்க கைக்குப் போச்சு.

"சரி, எங்கேயோ இருக்கற நாடு, நமக்கென்ன?"ன்னு கேட்கறவங்களுக்கு அடுத்த ரெண்டு பாரா.

மோசுல்ல கட்டட வேலை பார்த்துக்கிட்டு இருந்த 40 இந்தியத் தொழிலாளர்களை ஐ.எஸ். பிடிச்சுட்டுப் போச்சு. பாதிக்கு மேல பஞ்சாப்காரங்க, மத்தவங்க பீகார், இமாசலம், வங்காளம். கடன் வாங்கி ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டிப் போனவங்க. ஒருத்தர் மட்டும் தப்பி வந்து மத்தவங்களைச் சுட்டுட்டாங்கன்னு சொன்னார். அரசு அதை ஏத்துக்கலை. குடும்பங்கள் நாலு வருஷம் போன் வரும்னு காத்துக்கிட்டு இருந்துச்சு. புதைகுழியைத் தோண்டி டி.என்.ஏ. பார்த்து, 39 பேரும் இறந்துட்டாங்கன்னு மாநிலங்களவையில சுஷ்மா ஸ்வராஜ் அறிவிச்சது 2018 மார்ச் 20. தேதியைக் கவனிங்க. ஈராக்ல முதல் குண்டு விழுந்து சரியா 15 வருஷம். அந்தக் குண்டை யார் போடச் சொன்னதுன்னு ஜலந்தர் பக்கத்து கிராமத்துல இருக்கற அந்த அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்க நியாயமே இல்லை. திக்ரித்ல மாட்டின 46 நர்ஸுங்க 2014 ஜூலையில உயிரோட கொச்சி வந்து எறங்கினாங்க, அது புண்ணியம். அதுல ஒருத்தங்க நம்ம தூத்துக்குடி.

எங்க வீட்டுலயே ஒரு கதை உண்டு. இதுக்கு முந்தின வளைகுடாப் போர். 1990 ஆகஸ்ட் 2ல சதாம் குவைத்தைப் பிடிச்சப்ப எங்க பெரிய மாமா அங்க டிரைவர். பாக்தாத் வழியா பஸ்ல ஜோர்டான் போய், அங்கேர்ந்து ஏர் இந்தியால ஒரே ஒரு பையோட வந்து சேர்ந்தார். அப்படி இந்தியா கூட்டிட்டு வந்தது 1 லட்சத்து 70 ஆயிரம் பேருக்கு மேல. வளைகுடாவிலேர்ந்து வர்ற பணம் நின்னுச்சு, எண்ணெய் விலை எகிறுச்சு, ஏற்கெனவே தள்ளாடிக்கிட்டு இருந்த நம்ம அந்நியச் செலாவணி 1991ல இன்னும் சில வாரத்துக்குத்தான் தாங்குங்கற நிலைமை. தங்கத்தைப் பிளேன்ல ஏத்தி லண்டன்ல அடகு வெச்சோம். மாமா அதுக்கப்புறம் குவைத் போகவே இல்லை. சேர்த்து வெச்ச சம்பளம் அங்கேயே போச்சு. கடைசி வரைக்கும் ஊர்ல வாடகை வண்டிதான் ஓட்டினார்.

காப்பி பேஸ்ட்

இதோட முடிஞ்சிருந்தா பரவாயில்லை. மோசமான கோடை ஒருத்தன் எழுதி, அது ஓடவும் செஞ்சுட்டா, அடுத்தவன் அதைக் காப்பி அடிப்பான். இது எங்க துறையில வேத வாக்கு.

2022 பிப்ரவரி 24 அன்னிக்கு உக்ரைன் மேல படையெடுத்த புடின், அன்னிக்குப் பேசின பேச்சுலயே ஈராக்கை இழுத்தார். நீங்க பண்ணலையா, நான் பண்ணினா மட்டும் தப்பாங்கற தொனி. அவர் சொன்ன காரணமும் ஈராக் ரகம்தான். நாஜிகளை ஒழிக்கப் போறேன்னார். யூதக் குடும்பத்துல பிறந்தவர் அதிபரா இருக்கற நாட்டுல! ஈராக்கைக் காட்டி புடினுக்கு நியாயம் கற்பிக்கற நம்ம ஊர் புரட்சியாளர்களுக்கும் சேர்த்தே சொல்றேன். ரெண்டு திருடனும் ஒரே சாவியைத்தான் வெச்சிருக்கான்.

அந்தப் போருக்கு முன்னாடி ரஷ்யா படையெடுக்கப் போகுதுன்னு அமெரிக்க உளவுத்துறை வாரக்கணக்கா கத்துச்சு. இந்தத் தடவை அவங்க சொன்னது உண்மை. ஆனா 2003ஐ ஞாபகம் வெச்சிருந்த எத்தனையோ பேர் நம்பலை. புலி வருது புலி வருது கதைதான். புலி நிஜமாவே வந்தப்ப ஆடு மேய்க்கறவன் பேச்சை யாரும் கேட்கலை. கடைசியில கடிபட்டது ஆடுங்கதான். கருங்கடல் துறைமுகங்கள் மூடிக்கிச்சு, ஆப்பிரிக்காவுல கோதுமை விலை ஏறுச்சு. எங்கம்மா சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட் விலையைப் பார்த்துட்டு என்கிட்ட சண்டைக்கு வந்தாங்க. நம்ம சமையல் சூரியகாந்தி எண்ணெய்ல பெரும்பகுதி அப்போ உக்ரைன்லேர்ந்துதான் வந்துக்கிட்டு இருந்துச்சு.

இன்னொரு பாடத்தையும் உலகம் கத்துக்கிச்சு. அணுகுண்டு இல்லாத சதாம் தூக்குல தொங்கினார். 2003 டிசம்பர்ல அணு ஆயுதத் திட்டத்தையே கைவிடறேன்னு சொன்ன லிபியாவோட கடாஃபி, 2011ல நேட்டோ குண்டுவீச்சுக்கு நடுவுல கலகக்காரங்க கைல மாட்டிச் செத்தார். 2006ல குண்டை வெடிச்சுக் காட்டின வட கொரியா மேல யாரும் கை வைக்கலை. இதைப் பார்க்கற எந்தச் சின்ன நாட்டு ஆட்சியாளனும் என்ன முடிவுக்கு வருவான்? பேரழிவு ஆயுதத்தை ஒழிக்கறேன்னு கிளம்பின போர், அதுக்கு உலகத்துலயே பெரிய விளம்பரமாப் போச்சு.

2025ல என்ன ஆச்சு? ஈரான் அணுகுண்டு தயாரிக்கலைன்னுதான் தங்களோட மதிப்பீடுன்னு மார்ச்ல அமெரிக்க உளவு அமைப்புகளோட தலைமை அதிகாரியே நாடாளுமன்றக் குழு முன்னாடி சொன்னாங்க. ஜூன்ல, அவங்க சொல்றது தப்புன்னுட்டார் டிரம்ப். ஜூன் 22 அன்னிக்கு ஈரான் அணு மையங்கள் மேல அமெரிக்கக் குண்டு விழுந்துச்சு. ஈரான் யுரேனியத்தை 60 சதவீதம் வரைக்கும் செறிவூட்டினது கவலைப்பட வேண்டிய விஷயம்தான், மறுக்கலை. ஆனா வரிசையைப் பாருங்க. முதல்ல முடிவு. ஒத்துவராத தகவலுக்கு அப்புறமா ஒரு 'தப்பு' முத்திரை.

என் பங்கு

இவ்ளோ வாய் கிழியப் பேசற நான் என்ன பண்ணினேன்னும் சொல்லிடறேன்.

2025 மே மாசம், இந்தியா பாகிஸ்தான் மோதல் உச்சத்துல இருந்த ராத்திரி. கராச்சி துறைமுகத்தையே அடிச்சு நொறுக்கிட்டோம்னு சில சேனல்கள்ல விடிய விடிய ஓடுச்சு. நான் என்ன பண்ணேன்? அந்த ஸ்கிரீன்ஷாட்டை எங்க குடும்ப வாட்ஸப் குரூப்ல போட்டேன். கீழ நாலு கொடி, ரெண்டு பட்டாசு. காலைல எழுந்தா அது பொய். துறைமுகம் பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கு. அப்பா போன் பண்ணி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீ பார்த்தியாடா?"

பதில் இல்லை. அன்னிக்கு நான் ஒரு குட்டி கர்வ்பால். எனக்கு அது உண்மையா இருக்கணும்னு ஆசையா இருந்துச்சு, அதனால நம்பினேன். பாக்தாத் வெளிச்சத்துக்குக் கை தட்டினப்ப எனக்கு ஆறு வயசு, மன்னிச்சுடலாம். 2025ல கை தட்டினதுக்கு என்ன சாக்கு?

அதனால அடுத்த தடவை டீவியில பீரங்கி கிராஃபிக்ஸ் ஓடும்போது, நம்ம நாடா இருந்தாலும் சரி, அடுத்த நாடா இருந்தாலும் சரி, நாலு கேள்வி கேட்கறதுன்னு வெச்சிருக்கேன்.

1. காரணம் முதல்ல வந்துச்சா, முடிவு முதல்ல வந்துச்சா?
2. விசாரிக்கப் போனவனை வேலையை முடிக்க விட்டாங்களா?
3. மறுத்துப் பேசினவனுக்கு பதில் கெடைச்சுதா, ஆப்பு கெடைச்சுதா?
4. முடிவெடுத்தவனுக்கு இதுல நஷ்டம்னு ஏதாவது இருக்கா?

இதைக் கேட்கறது தேசத்துரோகம்னு யாராவது சொன்னா, வாஜ்பாய் காலத்தை ஞாபகப்படுத்துங்க. 2003 ஏப்ரல்ல நம்ம மக்களவை கட்சி பேதமில்லாம ஈராக் போரைக் கண்டிச்சுத் தீர்மானம் போட்டுச்சு. ஈராக்குக்குப் படை அனுப்பச் சொல்லி அமெரிக்கா நெருக்கினப்ப, ஜூலை 14 அன்னிக்கு முடியாதுன்னு சொன்னது வாஜ்பாய் அரசு. அமெரிக்காவோட உறவை வளர்க்கணும்னு ஆசைப்பட்ட அரசுதான் அது. அப்படியும் முடியாதுன்னுச்சு. அன்னிக்கு சரின்னு சொல்லியிருந்தா நம்ம ஊர் பசங்க எத்தனை பேர் பெட்டியில வந்திருப்பாங்களோ!

நேத்து அந்த சீனியர் அண்ணாகிட்ட இதையெல்லாம் கோர்வையா சொன்னேன். பொறுமையாக் கேட்டார். "சரிப்பா, ஃபீச்சர்னே வெச்சுக்கோ. அப்ப யாரு டிக்கெட்டை க்ளோஸ் பண்றது?"ன்னார்.

அதுக்குத்தான் எனக்கும் பதில் தெரியலை. ஓப்பன்லயே இருக்கு, 2003லேர்ந்து.